எல்லா லென்ஸிலும் சிலந்தி வலை

ஜூன் 3, திங்கள்

கேமரா வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்க வேண்டும் என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. திருநெல்வேலியில் பழைய கேமரா விற்கும் காஜா பாய் போனில் சொன்னார். பார்க்கிற ஒவ்வொரு லென்ஸையும், என்ன விலை, என்ன குறை என்று அன்றன்றைக்கே எழுதி வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் நாலாவது கடைக்குள் எல்லாம் குழம்பிவிடுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கையெழுத்து அழகாக இருக்கும். ஸ்டுடியோவில் ஆல்பத்தின் மேல் மாப்பிள்ளை பெண் பெயரை நான்தான் எழுதுவேன்.

என் பெயர் லிங்கதுரை. ஊர் காரிவிளை, திசையன்விளைக்குத் தெற்கே. இருபத்திரண்டு வருஷம் கல்யாண வீடுகளில் லைட் பிடித்தேன். சன்கன் லைட் என்று சொல்வோம், ஆயிரம் வாட் பல்பு, தோசைக்கல் மாதிரி காயும். அதை வலது தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராக்காரருக்கு இடது பக்கமாக நிற்க வேண்டும். சூடு கன்னத்தில் அடிக்கும் என்பதால் வலது கண்ணை மூடிக்கொள்வேன். அப்படி நிற்கச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டுடியோ முதலாளி ஆசீர்வாதம் ஐயா. முதல் நாள் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன் என்று பந்தியில் வைத்தே ஏசினார். சாப்பாட்டில் அன்றைக்கு அவியல் நன்றாக இருந்தது. ஐயா இறந்த பிறகு அவர் மகன் பெனட் தம்பிக்கும் பிடித்தேன்.

போன பங்குனியில் பெனட் சொல்லிவிட்டான், இனிமேல் எல்.இ.டி. லைட்டைக் கேமரா தலையிலேயே மாட்டிக்கொள்ளலாம், ஆள் தேவையில்லை என்று. கையில் இருபதாயிரம் கொடுத்தான். மரியாதையாகத்தான் கொடுத்தான். லைட் இல்லாவிட்டால் என்ன, நானே படம் எடுக்கிறேன் என்று முடிவு செய்தேன். இரண்டு ஆட்டை விற்றதையும் சேர்த்தால் முப்பத்தைந்தாயிரம். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு என்று சின்ன வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

இன்றைக்குக் கடையில் புதுக் கேமரா விலையைக் கேட்டேன். அறுபத்திரண்டாயிரம். அதோடு ஒரே ஒரு லென்ஸ். முகம் எடுக்க ஒன்று, தூரத்தில் எடுக்க ஒன்று என்று மற்றதெல்லாம் தனிக் காசாம். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரப் பையன் தண்ணீர் கொடுத்தான். மூன்று டம்ளர் குடித்தேன். இப்போதெல்லாம் எனக்குத் தாகம் அதிகம், வெயில் அப்படி.

ஜூன் 4, செவ்வாய்

பழையதுதான் வாங்க வேண்டும். என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் சரி என்றுவிட்டாள்.

ஜூன் 6, வியாழன்

நாகர்கோவில் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் கோழிக்குஞ்சுப் பெட்டி வைத்திருந்தார். அஞ்சுகிராமம் வரை குஞ்சுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டே வந்தோம். அது இருக்கட்டும்.

முதல் கடை. கேமராவோடு வருகிற சாதாரண லென்ஸ், பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து என்று எழுதியிருக்கிறது. விலை நாலாயிரம். கண் வைத்துப் பார்க்கிற சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தேன், ஐயா வைக்கிற மாதிரியே வலது கண்ணை வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு. உள்ளே சிலந்தி வலை. நூல் நூலாக, ஓரத்தில் கறுப்பாக, நடுவில் பால் ஊற்றினது போல. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், ஸ்டுடியோவில் லென்ஸை அரிசி டப்பாவுக்குள்தான் வைப்போம்.

இரண்டாவது கடை. அதே லென்ஸ், மூவாயிரத்து எண்ணூறு. பூஞ்சை.

மூன்றாவது கடை. தூர லென்ஸ், ஆறாயிரம். பூஞ்சை. கடைக்காரர் அதைச் சுத்தமான சரக்கு என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து இப்படிப் பொய் சொல்ல முடியுமா? திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

ஜூன் 8, சனி

வீட்டுக் கேட்டில் பைக் ஹேண்டில் இடித்துவிட்டது. வலது பக்கத் தூணைக் கட்டினவன் ஒரு சாண் உள்ளே தள்ளிக் கட்டிவிட்டான். பதினாறு வருஷமாக அந்தத் தூண் அங்கேதான் நிற்கிறது என்று தங்கபுஷ்பம் சொல்கிறாள். அவள் முருங்கைக்காய் கமிஷன் கடையில் தரம் பிரிக்கிறவள், எல்லாவற்றையும் நீளம் பார்த்துத்தான் பேசுவாள்.

ஜூன் 10, திங்கள்

திருநெல்வேலி. காஜா பாய் கடை மாடியில் இருக்கிறது. பாய் நல்ல மனிதர், வந்ததும் சர்பத் வாங்கிக் கொடுத்தார். பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். ஒன்றை எடுத்து வைத்தார், பதினாறாயிரம். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். பதினெட்டாயிரம் படம்தானாம், கேமராவுக்கு அது சின்ன வயசாம். லென்ஸில்தான் காசைப் போட வேண்டும், லென்ஸ் மாட்டுகிற பாடி எதுவானாலும் பரவாயில்லை, அளவாகக் காசு இருக்கிறவன் ஐம்பது என்று எழுதியிருக்கிற லென்ஸ் ஒன்றை வாங்கி அதிலேயே கை பழக வேண்டும் என்றார். அதில் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது, நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். ஆனால் முகம் தெளிவாக விழும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். வெளிச்சம் குறைந்த மண்டபத்திலும் எடுக்கலாம்.

மூன்று லென்ஸ் மாட்டினார். மூன்றிலும் வலை. நான் சொன்னேன். பாய் லென்ஸைக் கழற்றி, பின்னால் டார்ச் அடித்து, எனக்கு முன்னாலேயே காட்டினார். கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. திரும்ப மாட்டினால் வலை. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது, அவரவர் கண்ணுக்குத் தகுந்தபடி திருகிக்கொள்வதாம். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை திருகினார். வலை போகவில்லை.

பாய் கேமராவை மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், “அண்ணாச்சி, கடைசியா எப்போ கண்ணு பாத்திய?”

எனக்குச் சுருக்கென்றது. எதிர்க் கட்டடத்தில் இருந்த வக்கீல் போர்டை இங்கிருந்தே வாசித்துக் காட்டினேன், அவர் படித்த படிப்பு முதற்கொண்டு. பாய் சரி சரி என்று தலையாட்டினார். பாடியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாடிக்குள் கண்ணாடி கிடையாதே, அதில் என்ன ஏமாற்ற முடியும்?

ஜூன் 11, செவ்வாய்

லென்ஸ் இல்லாத கேமரா வீட்டில் இருக்கிறது. தங்கபுஷ்பம் அதன் வாயில் துணியைச் சுற்றி வைத்திருக்கிறாள்.

ஜூன் 13, வியாழன்

எதிர்பார்க்கவே இல்லை, பெனட் வீட்டுக்கு வந்தான். நான் கடை கடையாக அலைவது அவன் காதுக்குப் போயிருக்கிறது. பையிலிருந்து ஒரு ஐம்பது லென்ஸை எடுத்தான். ஸ்டுடியோவில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதாம். கடையில் ஏழாயிரம் சொல்வது, எனக்கு மூவாயிரத்து ஐந்நூறு. எப்படி வேண்டாம் என்பது? அவனுக்கு முன்னாலேயே கண்ணை வைத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அவனை எனக்குத் தெரியும். காசைக் கொடுத்தேன், எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தான். தங்கபுஷ்பம் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள், எனக்கு இரண்டு டம்ளர்.

ஜூன் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. காலையில் வெளிச்சத்தில் அந்த லென்ஸை மாட்டி வாசலில் நின்று முருங்கை மரத்தைப் பார்த்தேன். வலை. மற்ற எல்லாவற்றையும் விட மோசமான வலை. நகர்கிறது கூட.

இருபத்திரண்டு வருஷம். அவன் அப்பா சாவுக்கு நான்தான் முன்னால் நின்று பந்தல் போட்டேன்.

தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். கேமராவைத் தலைகீழாகப் பிடித்தாள். திருத்திக் கொடுத்தேன். பார்த்தாள்.

“தெளிவாத்தான தெரியுது. எறும்பு கூடத் தெரியுது.”

“உனக்கு என்னட்டி தெரியும் லென்ஸப் பத்தி.”

“லென்ஸப் பத்தித் தெரியாது. எறும்பத் தெரியும்.”

அவளோடு பேசிப் பிரயோஜனம் இல்லை.

ஜூன் 15, சனி

செல்லப்பழம் டீக்கடை எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிறது. காலையில் முருங்கைக்காய் லாரிக்காரர்கள், பத்து மணிக்குக் கொத்தனார்கள், பிறகு வேலை இல்லாதவர்கள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். நான் போய்ச் சொல்லிவிட்டேன். பெனட் எனக்குப் பூஞ்சை பிடித்த லென்ஸைத் தள்ளிவிட்டான் என்று. சொல்லக்கூடாது என்றுதான் போனேன். டீ வருகிறதற்குள் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவருக்கு ஆல்பத்தில் நாலு படம் குறைந்ததாம், ஒருவர் மகள் படத்தில் கறுப்பாக விழுந்தாளாம். நான் சொன்னது ஒன்று, கடையை விட்டு வெளியே போனது பத்து. மனசு லேசானது போல இருந்தது. ஆனால் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை நம்பவே முடியவில்லை. சிமெண்ட் கடை ராஜகனி வீடு தேடி வந்தார். அவர் மகளுக்கு ஆனி இருபத்தெட்டில் கல்யாணம், அதாவது ஜூலை பன்னிரண்டு. ஸ்டுடியோவுக்குக் கொடுத்திருந்த ஆர்டரைத் திரும்ப வாங்கிவிட்டாராம். கூட நின்ற ஆளையே ஏமாற்றுகிறவன் கல்யாண வீட்டுக்கு ஒழுங்காக எடுப்பானா என்று கேட்டார். நீரே எடும் என்று வெற்றிலையில் ஐயாயிரம் வைத்து அட்வான்ஸ் நீட்டினார்.

காதுகுத்து எடுக்கலாம் என்று நினைத்தவனுக்குக் கல்யாணம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ராஜகனி போன பிறகு தங்கபுஷ்பம் அந்த வெற்றிலையை எடுத்து உள்ளே வைக்கவில்லை. அது வெயிலில் கிடந்து வாடியது.

ஜூன் 19, புதன்

கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஒன்றரை மாதமாக ஆறவில்லை. செருப்பு சரியில்லை.

ஜூன் 21, வெள்ளி

மூன்று நாளாகப் படம் எடுத்துப் பழகுகிறேன். ஆடு, வாளி, தங்கபுஷ்பம், வாளிக்குப் பக்கத்தில் ஆடு. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், கண் வைத்துப் பார்க்கும்போது வலை இருக்கிறது, எடுத்த படத்தைப் பின்னால் இருக்கும் திரையில் இரண்டு கண்ணாலும் பார்த்தால் வலை இல்லை. ஆட்டு மயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

ரொம்ப நேரம் யோசித்தேன். இந்தக் காலத்து மெஷின் தானாகவே பூஞ்சையை அழித்துக்கொள்கிறது போல. போனில் முகத்துப் பருவை அழிக்கிற மாதிரி. அப்படியானால் பெனட் கொடுத்தது அவ்வளவு கெட்ட லென்ஸ் இல்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் பூஞ்சை வளரும், ஒரு வருஷத்தில் மெஷினாலும் அழிக்க முடியாது. அதனால்தான் பாதி விலைக்குத் தந்திருக்கிறான். இதைத் தங்கபுஷ்பத்திடம் சொன்னேன். அவள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனாள்.

ஜூன் 24, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே பிடிபடாது.

காலை பத்தரை மணி. கல்யாண மண்டபம் பார்க்கத் திசையன்விளைக்குப் புறப்பட்டேன். ஆனி ஆடியில் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தேரிக் காட்டுச் செம்மண் எழுந்து ரோட்டைக் குறுக்கே கடக்கும். ஒரு தடவை அந்த மண் ஒரு பெண் வீட்டு ஜமக்காளம் முழுவதையும் சிவப்பாக்கி, மாப்பிள்ளை வீட்டார் ரத்தம் என்று நினைத்துப் பந்தியிலிருந்து எழுந்துவிட்டார்கள். அந்தக் கதை கிடக்கட்டும்.

ரோட்டோரம் பைக்கை நிறுத்தினேன். காற்றோடு மண் வந்து இடது கண்ணில் விழுந்தது. எரிச்சல் தாங்கவில்லை. உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ரோடு இல்லை.

பால் மாதிரி வெள்ளை. அதில் நூல் நூலாக வலை. ஓரத்தில் கறுப்பு. தலையைத் திருப்பினால் வலையும் பின்னாலேயே நகர்ந்து வருகிறது. எதிரே பஸ் வருகிற சத்தம் கேட்டது. பஸ் வந்து, என்னைக் கடந்து, போயும் விட்டது. நான் பார்த்தது ஒரு நிழல்.

கேமரா வீட்டில் இருந்தது. லென்ஸும் வீட்டில்தான் இருந்தது.

கையை எடுத்தேன், ரோடு வந்தது. வைத்தேன், போனது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. பைக்கைத் தள்ளிக்கொண்டே நாலு கிலோமீட்டர் வீட்டுக்கு நடந்து வந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

தங்கபுஷ்பத்திடம் சொன்னேன்.

ஜூன் 27, வியாழன்

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி எழுத்தை வாசிக்கச் சொன்னார். இடது கண்ணில் கடைசி வரிக்கு முந்தின வரி வரை வாசித்தேன். வலது கண்ணில் எந்த எழுத்து என்று நான் கேட்டேன். டாக்டர் தன் விரல்களைக் காட்டினார். எத்தனை என்று சொல்லத் தெரியவில்லை.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை முந்நூற்று நாற்பது. எனக்குச் சர்க்கரை இருப்பது எனக்கே தெரியாது. டாக்டருக்கு அதுதான் அதிர்ச்சியாக இருந்தது. தாகம் உண்டா, அடிக்கடி ஒன்றுக்குப் போவீர்களா, புண் ஆறாமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் நான் வாயைத் திறப்பதற்குள் தங்கபுஷ்பம் ஆமாம் என்றாள்.

சர்க்கரையால் கண்ணுக்குள் இருக்கிற சின்ன ரத்தக்குழாய்கள் கசியுமாம். அந்த ரத்தம்தான் உள்ளே வலை மாதிரி மிதக்கிறது. வலது கண்ணில் பழைய கசிவு, பல மாதங்களாக இருந்திருக்க வேண்டும். சிகிச்சை செய்தால் கொஞ்சம் தெளியலாம், பழையபடி வராது. இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, ஆனால் அதைக் காப்பாற்றிவிடலாம், லேசர் வைக்க வேண்டும், இனி ஒரு நாளும் தள்ளக்கூடாது என்றார்.

“இவ்வளவு நாள் ஒரு கண்ணு தெரியாதது எப்படி உங்களுக்குத் தெரியாமப் போச்சு?” என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கண்ணை மூடி வைத்துத்தான் வேலை பார்த்தேன் என்று சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். லைட் சூட்டால் வந்ததில்லை என்றும், மூடியே இருந்ததால் பார்வை போவதை நான் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது தங்கபுஷ்பம் எனக்கு வலது பக்கமாக உட்கார்ந்தாள். யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே அவள் அந்தப் பக்கம்தான் வருகிறாள்.

ஜூன் 29, சனி

ராஜகனி கடைக்குப் போனேன். அட்வான்ஸை மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். லென்ஸில் குறை இல்லை, என் கண்ணில்தான். ஆர்டரைப் பெனட்டுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

அவர் பணத்தை எடுத்து உள்ளே வைத்தார். “கண்ணு தெரியாத ஆள்கிட்டயா எம் மக கல்யாணத்தக் குடுத்தேன்?” என்றார். பெனட்டிடம் திரும்பிப் போனால் தனக்குத்தான் அசிங்கம், நாகர்கோவிலில் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார்.

அங்கிருந்து நேராக டீக்கடை. எந்த இடத்தில் சொன்னேனோ அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும் என்று போனேன். டாக்டர் சீட்டைக் கூடக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு செல்லப்பழம் டீ ஆற்றுவதை நிறுத்தாமல் கேட்டார்.

“பெனட் எவ்வளவு வே குடுத்தான்?”

எல்லோரும் சிரித்தார்கள். பொய் சொன்ன அன்றைக்கு ஒருவரும் சாட்சி கேட்கவில்லை. உண்மையைச் சீட்டோடு கொண்டு போனால் விலை பேசுகிறார்கள். சர்க்கரை போடாத டீ என்று சொல்ல மறந்து, சர்க்கரை டீயைக் குடித்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

ஸ்டுடியோவுக்குப் போனேன். பெனட் கம்ப்யூட்டரில் ஆல்பம் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், டீக்கடையில் முதலில் சொன்னது உட்பட. லென்ஸை மேஜையில் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

“ராஜகனி வீடு மட்டும்னு நெனச்சியளா? ஆறு வீடு போயிருக்கு.”

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் யார் உட்காரச் சொன்னார்கள்?

அவன் எழுந்து அலமாரிக்கு மேலே இருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். எல்.இ.டி. லைட் வந்த பெட்டி. பில் உள்ளேயே இருந்தது. எடுத்து என் இடது பக்கமாக நீட்டினான். தேதியைப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தின பில்.

“இத வாங்கி ரெண்டு வருஷமா மேலயே போட்டிருந்தேன். மாட்டினா நீங்க போவணும்லா. அதான் மாட்டல. போன தையில அந்தப் பிள்ளைக்கு உங்க லைட்டுல முடி கருகிச்சே, ஞாபகம் இருக்கா? ஆரத்தித் தட்டோட உங்களுக்கு வலப்பக்கம் வந்தா. நீங்க லைட்ட எறக்கி, ரெண்டு கண்ணும் தொறந்திருந்தும் பாக்காமத் திரும்பிட்டிய. ஆனா ஏசுனது அவளைத்தான். எனக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, அண்ணாச்சிக்கு அந்தப் பக்கம் தெரியலன்னு.”

அந்தப் பெண்ணை நான் ஏசியது நினைவிருக்கிறது. கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டா நடக்கிறாய் என்று கேட்டேன்.

“அப்பமே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே தம்பி,” என்றேன்.

“சொன்னா ஏசுவியன்னு பயம். எல்.இ.டி. மேல பழிய போட்டேன். கண்ணப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சு மாசம் மிச்சமாயிருக்கும் உங்களுக்கு. அது என் தப்பு. ஆனா நீங்க ஊருக்குள்ள சொன்னது உங்க தப்பு. அதுக்கும் இதுக்கும் கழிச்சுக்கிட முடியாது.”

பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டான். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, லென்ஸை எடுத்துக்கொண்டு போங்கள் என்றான். எடுத்துக்கொண்டு வந்தேன். படி இறங்கும்போது வலது பக்கச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினேன்.

ஜூலை 5, வெள்ளி

லேசர் வைத்தார்கள். பச்சைப் பச்சையாக மின்னியது, உள்ளே ஊசி குத்தினது போலிருந்தது. இதற்கு மேல் எழுதக்கூடாது என்று தங்கபுஷ்பம் நோட்டைப் பிடுங்குகிறாள்.

ஜூலை 8, திங்கள்

கேமராவை இடது கண்ணில் வைத்துப் பார்க்கப் பழகுகிறேன். மூக்கு திரையில் அமுங்குகிறது, எடுத்த படத்தின் மேலெல்லாம் மூக்கு எண்ணெய். ஆனால் உள்ளே என்ன ஒரு தெளிவு. அந்த ஐம்பது லென்ஸில் முருங்கை மரத்தைப் பார்த்தேன். இலைக்குப் பின்னால் வானம் கரைந்து கிடந்தது. எறும்பும் இருந்தது. இந்த லென்ஸைத்தான் நான் பூஞ்சை என்று சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் ஃபிளக்ஸ் வைப்பார்கள். பிறந்தால், சமைந்தால், பாஸானால், செத்தால். ஒருவர் தொலைந்துபோன மாடு கிடைத்ததற்கு நன்றி சொல்லி ஃபிளக்ஸ் வைத்தார், அதில் மாட்டின் படம் அவர் படத்தை விடப் பெரிசு. வாயால் சொன்னால் நம்பாதவன்கூட ஃபிளக்ஸில் வந்துவிட்டால் நின்று வாசிக்கிறான்.

மத்தியானம் டீக்கடைக்குப் போய், எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னேன். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. செல்லப்பழம் முகம் கழுவிவிட்டு வந்து ஓரத்தில் நின்றார். ஃபிளக்ஸில் போடப் போகிறேன் என்றதும் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை பின்னாலேயே நடந்து நடந்து போய், எல்லோரும் படத்துக்குள் அடங்கியதும் எடுத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

ராஜகனி மகளுக்கு இன்றைக்குக் கல்யாணம். மைக் செட் சத்தம் வீடு வரை கேட்டது. நான் போகவில்லை.

காலையிலேயே பஸ் ஸ்டாப்பில் ஃபிளக்ஸ் கட்டினேன். எட்டடிக்கு ஆறடி. மேலே டீக்கடைப் படம். கீழே என் கையெழுத்தில் நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே அச்சடித்திருந்தார்கள்.

“இந்தப் படம் பெனட் தம்பியிடம் பாதி விலைக்கு வாங்கிய லென்ஸில் எடுத்தது. லென்ஸில் பூஞ்சை இல்லை. என் வலது கண்ணில் ரத்தக் கசிவு. தெரியாமல் பழி சொன்னேன். இப்படிக்கு லைட் லிங்கதுரை, காரிவிளை.”

எட்டு மணியிலிருந்து கூட்டம். தங்களைத் தேடிப் பார்க்க வந்தவர்கள் கீழே இருப்பதையும் வாசித்தார்கள். கல்யாணத்துக்குப் போகிற வேனை நிறுத்திக்கூட வாசித்தார்கள். செல்லப்பழம் எனக்குச் சர்க்கரை போடாத டீயைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்குப் பெனட் வந்தான். பைக்கிலிருந்து இறங்கவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. கீழே எழுதியிருந்ததை ஒரு தடவை வாசித்தான் போலிருக்கிறது. பிறகு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஃபிளக்ஸுக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்று, படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். அவன் பக்கத்தில், அவனுக்கு வலது பக்கமாகப் போய் நின்றேன், அப்போதுதான் அவன் முகம் எனக்குத் தெரியும்.

“ஃபோகஸ் ஆள் மேல விழல அண்ணாச்சி.”

“எங்க விழுந்திருக்கு?”

“பின்னால முறுக்கு பாட்டில் மேல. ஓரத்துல செல்லப்பழம் அண்ணாச்சிக்கு மீசையே கலங்கலா இருக்கு, முறுக்குல எள்ளு கூட எண்ணலாம்.”

பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு முறுக்கும் காசு அளவுதான், ஆனால் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பதினோரு பேர் அதற்கு முன்னால் லேசாகக் கலங்கி நின்றார்கள்.

பெனட் பைக்கை ஸ்டார்ட் செய்தான். கொஞ்ச தூரம் போய், நிறுத்தி, திரும்பாமலேயே சொன்னான்.

“திங்கக்கிழம காலையில ஸ்டுடியோவுக்கு வாங்க. கல்யாணம் கிடையாது. பாஸ்போர்ட் சைஸ்தான். அசையாம உக்காந்திருக்கிற ஆளா எடுத்துப் பழகுங்க மொதல்ல.”

அவன் போன பிறகும் நான் அந்த முறுக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.